பொன்விகிதம் – இலைக்கும் நரம்புக்கும்

மாதேசுவரன் மலைப் பக்கத்துப் பாலாற்றிலிருந்து ஒகேனக்கல் நோக்கிக் காட்டுப் பாதையில் செல்வோர் கோபிநத்தம் என்னும் சிற்றூரைக் கடந்து செல்வர். முன்னர் மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1997ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட இவ்வூரில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. ‘நத்தம்’ என்பதே குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் நம் சொல் அன்றோ! செய்தித்தாள்கள் வேறொரு காரணம் பற்றி இவ்வூரின் பெயரைப் பல்லாண்டுகள் எழுதின. அக்கதை நமக்கு இங்கே வேண்டுவதில்லை. நாம் அங்குச் சென்றது எண் ஒன்றைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக.

அந்த ஐயம் எழுந்த வகையை முதலில் சொல்லிவிடுகிறோம். நாம் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிகிறோம். கற்றது கலைப் பட்டம். கணிதத்துக்கும் நமக்கும் இருந்த உறவு பள்ளி இறுதி வகுப்போடு முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் கைநூல் ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. சூரியகாந்தி முதல் வீணை வரையிலும், எகிப்தியப் பிரமிடு முதல் கடற்சிப்பி வரையிலும் நிறைந்து நிற்கும் விதி ஒன்று உண்டு, அதுவே பொன்விகிதம், கண்ணுக்கு அழகாவதும் செவிக்கு இனிதாவதும் அதுவே என்று அந்நூல் கூறிற்று. ‘எங்கும் நிறைந்த’ என்ற தொடர் தமிழில் எவ்வளவு இயல்பாக வந்து விழுகிறது என்று மகிழ்ந்தோமே தவிர, அது உண்மைதானா என்று வினவத் தோன்றவில்லை. நூல் அச்சாயிற்று. கோபிநத்தத்தில் வாழும் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பசனைகளுக்குப் பிடில் வாசிப்பவர், அதைப் படித்துவிட்டு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அதில் இருந்தது ஒரே கேள்வி: “தம்பி, அந்த விகிதத்தில் நரம்பைப் பிடித்து நீங்கள் கேட்டதுண்டா?”

கேட்டதில்லை. ஆகவேதான் புறப்பட்டோம்.

பொன்விகிதம் என்பது யாது? ஒரு கோலை இரு துண்டாக வெட்டுகிறோம். முழுக்கோலுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமும், பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் உள்ள விகிதமும் ஒன்றாகவே இருக்கும்படி வெட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அத்தகைய வெட்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு. 100 சென்டிமீட்டர் கோலாயின் ஏறத்தாழ 61.8, 38.2 என்று பிரியும். விகிதம் 1.618 எனத் தொடங்கி, முடிவின்றி நீளும் எண். கி.மு. 300 அளவில் யூக்ளிடு தம் வடிவகணித நூலில் இவ்வெட்டை வரையறுத்தார். ஆனால் அவர் அதற்குப் பொன் என்றோ தெய்விகம் என்றோ அடைமொழி கொடுத்தாரல்லர். இத்தாலி நாட்டுத் துறவியும் கணித அறிஞருமான பாச்சோலி 1509இல் அச்சிட்ட தம் நூலில் அதனைத் ‘தெய்விக விகிதம்’ என்றார். ‘பொன்’ என்ற பெயர் அச்சில் காணப்படுவது செருமானியக் கணிதர் மார்ட்டின் ஓம் 1835இல் வெளியிட்ட பதிப்பில்தான். பழமையின் மணம் வீசும் இப்பெயருக்கு இருநூறு ஆண்டு வயதும் நிரம்பவில்லை என்பது மொழிபெயர்ப்பாளராகிய நமக்குச் சற்று வெட்கத்தைத் தந்தது. ஒரு சொல் பொன்னாக இருந்துவிட்டால் உரைத்துப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இனி, இந்த எண்ணோடு நெருங்கிய உறவுடைய எண்வரிசை ஒன்று உண்டு. 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்று செல்வது அது. முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது. இதனை உலகம் பிபனாச்சி வரிசை என்று அழைக்கிறது. பைசா நகரத்து லியொனார்தோ 1202இல் எழுதிய கணக்கு நூலில் முயல்கள் பெருகும் கணக்காக இது வருகிறது. அந்த லியொனார்தோ இளமையில் வட ஆப்பிரிக்காவில் இந்திய எண்களைக் கற்றவர் என்பது அவரே எழுதியுள்ள செய்தி. ஆனால் அவருக்கு முன்னரே இவ்வரிசை நம் நாட்டில் வேறொரு வாயிலாக அறியப்பட்டிருந்தது. முயலைக் கொண்டு அன்று; செய்யுளைக் கொண்டு.

குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை என்பதை நம் சிறுவர்களும் அறிவர். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே மாத்திரை என்று தொல்காப்பியம் அளவு கூறிற்று. வடமொழி, பிராகிருத யாப்பில் ஒரு மாத்திரை அசையை லகு என்றும், இரு மாத்திரை அசையைக் குரு என்றும் வழங்குவர். இவ்வளவு மாத்திரை கொண்ட அடியை லகுவும் குருவும் கொண்டு எத்தனை வகையாக அமைக்கலாம் என்பது யாப்பு நூலார் எழுப்பிய வினா. லகுவைத் ‘த’ என்றும் குருவைத் ‘தா’ என்றும் வைத்து நாமே சொல்லிப் பார்க்கலாம். நான்கு மாத்திரைக்கு: த த த த, த த தா, த தா த, தா த த, தா தா. ஆக ஐந்து. மூன்று மாத்திரைக்கு மூன்று வகை. இரண்டு மாத்திரைக்கு இரண்டு வகை. மூன்றும் இரண்டும் கூட்டின் ஐந்து. இது தற்செயல் அன்று. நான்கு மாத்திரை அடி ஒன்று லகுவில் முடியும், அன்றேல் குருவில் முடியும். லகுவில் முடிவதாயின் அதற்கு முன் உள்ளது மூன்று மாத்திரை. குருவில் முடிவதாயின் முன் உள்ளது இரண்டு மாத்திரை. எனவே இரண்டின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டுவதே. ஐந்து மாத்திரைக்கு எட்டு வகை, ஆறுக்குப் பதின்மூன்று. தாளம் போட்டுச் சொல்லிக் காட்டினால் பத்து வயதுச் சிறுவனுக்கும் இது விளங்கும். கோபிநத்தத்துத் திண்ணையில் விளங்கியதை நாம் கண்டோம்.

இவ்விதியைக் கி.பி. 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் வாழ்ந்தவராகக் கருதப்படும் விரகாங்கர் கூறினார். அவர் உரைத்ததைக் கோபாலர் என்பார் 1135க்கு முன்னரும், குசராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஏமசந்திரர் 1150 அளவிலும் இன்னும் தெளிவாக எடுத்துரைத்தனர். முயல் கணக்குக்கு அரை நூற்றாண்டு முந்தியவர் ஏமசந்திரர். கணிதத்தின் உயரிய பரிசாகிய பீல்ட்சு பதக்கத்தை 2014இல் பெற்றவரும் தபலா வாசிப்பவருமான மஞ்சுல் பார்கவா இவற்றை ஏமசந்திர எண்கள் என்றே சொல்லிவருகிறார். இந்தக் கோபாலரின் பெயரையும் கோபிநத்தத்தின் பெயரையும் அருகருகே வைத்து ஒரு நண்பர் நம்மிடம், “பார்த்தீரா பொருத்தத்தை!” என்றார். பொருத்தம் ஏதும் இல்லை. பொன்விகிதத்தைப் பற்றி உலவும் செய்திகளில் ஒரு பகுதி இவ்வகைப் பொருத்தமே.

வரிசையில் ஓர் எண்ணை அதற்கு முந்தியதால் வகுத்துக்கொண்டே சென்றால் 1.5, 1.667, 1.6, 1.625, 1.615 என்று இருபுறமும் ஆடி ஆடி 1.618ஐ நெருங்குகிறது. இதனைக் கெப்ளர் 1611இல், பனித்துகள் ஏன் ஆறு மூலை கொண்டது என ஆராயும் சிறுநூலில் எழுதினார். நம் யாப்பு நூலார்க்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை. விகிதத்தை அவர்கள் நாடவில்லை. எண்வரிசை நம்முடையது என்பதால் பொன்விகிதமும் நம்முடையதே என்று முழங்குவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது.

இனி ஊருக்கு வருவோம். சாமராஜநகர் மாவட்டத்தில், குறிப்பாகக் குண்டலுப்பேட்டைப் பக்கத்தில், பருவத்தில் சூரியகாந்தி வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். வழியில் முற்றிய பூ ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தோம். அதன் வட்டத்தில் விதைகள் வலமாகவும் இடமாகவும் சுருள்வரிசைகளாக அமைந்திருக்கும். ஒவ்வொரு வரிசையின் விளிம்பிலும் மைப்புள்ளி வைத்துக்கொண்டு எண்ணுவதே தவறாத வழி. முதல் முறை ஒருபுறம் 33 வந்தது, மனம் சோர்ந்தது. மறுமுறை 34. மறுபுறம் 55. இரண்டும் ஏமசந்திரர் வரிசையில் அடுத்தடுத்த எண்கள். அன்னாசிப் பழத்தின் செதில்களை எண்ணினால் பெரும்பாலும் 8, 13 என்று வரும். தென்னையின் மட்டைகள் ஐந்து சுருள்களாகச் சுற்றி ஏறுகின்றன. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிசு என்னும் அறிஞர் தென்னைகளை ஆராய்ந்து, வலமாகச் சுற்றுபவையும் இடமாகச் சுற்றுபவையும் ஏறத்தாழச் சரிபாதி என்றும், தாய் மரத்தின் சுற்று கன்றுக்கு மரபாக வருவதில்லை என்றும் கண்டார். பெரியவர் வீட்டுக் கொல்லையில் நின்ற மூன்று தென்னைகளில் இரண்டு ஒருபுறமும் ஒன்று மறுபுறமும் சுற்றின. முப்பது ஆண்டுகளாக அவற்றுக்கு நீர் வார்த்தும் தாம் இதைக் கவனித்ததில்லை என்று அவர் வருந்தினார்.

எல்லாப் பூக்களும் இவ்வரிசைக்கு அடங்கியனவா? அல்ல. இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரில், தாவரங்களின் அமைப்பை இறுதிக் காலத்தில் ஆராய்ந்த ஆலன் டூரிங்கின் நினைவாக, 2012இல் பொதுமக்களைக் கொண்டு சூரியகாந்தி வளர்த்து எண்ணினர். 657 பூக்களின் முடிவு 2016இல் வெளியாயிற்று. பெரும்பாலானவை இவ்வரிசையின்படியே இருந்தன. ஒரு சிறுபான்மை இல்லை. விதி உண்டு, விலக்கும் உண்டு என்று சொல்வதே நேர்மை.

தாவரத்துக்கு இந்த எண் எதற்கு? இங்கேதான் நாம் மொழிபெயர்த்த கைநூல் மௌனமாக இருந்துவிட்டது. தண்டின் நுனியில் புதிய இலைமுகிழ் ஒன்று தோன்றும்போது, முன்னர்த் தோன்றியவை அதனைத் தம் அருகில் வர விடுவதில்லை. ஆகவே எங்கே இடம் மிகுதியோ அங்கே அது அரும்புகிறது. இதனைச் செருமானியத் தாவரவியலார் ஓப்மைசுட்டர் 1868இலேயே கூறினார். 1992இல் பாரிசில் தூதி, கூதேர் என்னும் இருவர் காந்தத் தன்மையுள்ள நீர்மத்தின் துளிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு தட்டின் நடுவில் விழச் செய்தனர். துளிகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நகர்ந்தன. உயிரற்ற அத்துளிகளும் அதே சுருள்களை வரைந்தன! அடுத்தடுத்த துளிகளுக்கு இடையே அமைந்த கோணம் சுமார் 137.5 பாகை. ஒரு முழு வட்டத்தைப் பொன்விகிதத்தில் வெட்டினால் கிடைக்கும் சிறு துண்டின் அளவே அது.

ஏன் அக்கோணம்? 120 பாகை என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் மூன்றில் ஒன்று. அப்போது நான்காவது இலை முதல் இலைக்கு நேர் மேலே வந்து நின்று வெயிலை மறைக்கும். 144 பாகையாயின் ஐந்தில் இரண்டு. ஆறாவது இலை முதலதன் மேல் வரும். எளிய பின்னமாக உள்ள எந்தக் கோணத்திலும் இலைகள் வரிசை கட்டிக்கொண்டு நிற்கும், இடையில் வெற்றிடம் கிடக்கும். வரிசை கட்டாதிருக்க வேண்டுமாயின் எந்தப் பின்னத்துக்கும் நெருங்காத எண் வேண்டும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமும் முடிவில்லா எண்தான்; ஆயினும் 22/7 என்ற சிறு பின்னம் அதற்கு மிக அண்மையில் நின்றுவிடுகிறது. பொன்விகிதத்துக்கு அவ்வாறு அண்மையில் நிற்கும் சிறு பின்னம் இல்லை. 8/5, 13/8, 21/13 என்று மெல்ல மெல்லவே அணுக முடியும். பின்னங்களோடு மிகக் குறைவாக ஒத்துப்போகும் எண் இதுவே எனக் கணிதர் நிறுவியுள்ளனர். ஒருவரோடும் ஒட்டாத அதன் குணமே இலைக்கு உதவுகிறது.

இந்த இடத்தில் பெரியவர் பிடிலை எடுத்தார்.

இசையில் இனிமை பிறப்பது எதனால் என்று நேயர்கள் அறிவர். நரம்பின் நீளத்தைச் சரிபாதியாக்கினால் மேல் சட்ஜம், விகிதம் 2/1. மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம், 3/2. சதுச்ருதி தைவதத்தை 5/3 என்றும் சுத்த தைவதத்தை 8/5 என்றும் கணக்கிடுவாருண்டு. 2, 3, 5, 8 எல்லாம் நம் வரிசையின் எண்களாகவே இருப்பதைக் கண்டு கைநூலை எழுதியவர் மயங்கியிருத்தல் வேண்டும். நாமும் மயங்கினோம். ஆனால் இவை இனிப்பது பொன்விகிதத்தை நெருங்குவதனால் அன்று. சிறிய முழு எண்களின் பின்னமாக இருப்பதனால். இரு சுரங்களின் அதிர்வுகள் அடிக்கடி ஒன்றுகூடிச் சந்திப்பதையே செவி இசைவு என்று கொள்கிறது. வரிசையில் மேலே செல்லச் செல்ல அச்சந்திப்பு அரிதாகிறது. 13/8க்கு நம் பன்னிரு சுரத்தானங்களில் இடமே இல்லை.

பிடிலின் அதிரும் நரம்பு 32.5 சென்டிமீட்டர் இருந்தது. அதை 1.618ஆல் வகுத்தால் 20.1. அவ்வளவு நீளம் அதிரும்படி விரல் வைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டோம். சுத்த தைவதத்துக்கு 20.3 வேண்டும், சதுச்ருதி தைவதத்துக்கு 19.5. சுருதிப் பெட்டி முழங்க, பெரியவர் கோட்டின்மேல் விரலை வைத்து வில்லை இழுத்தார். சுத்த தைவதத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி எழுந்த அவ்வொலி சட்ஜத்தோடு கலக்க மறுத்து அலைந்தது. அவர் முகம் சுளித்து, கோட்டைக் கவனியாமல் விரலை மயிரிழை பின்னுக்குத் தள்ளினார். அலைவு நின்றது.

“தம்பி, என் விரல் தானாகவே நகர்ந்துவிட்டது பார்த்தீர்களா? உங்கள் பொன்னில் அதனால் நிற்க முடியவில்லை.”

“நிற்க முடியாததனால்தானே, ஐயா, தென்னைக்கு அது உதவுகிறது?” என்றோம். அவர் சிறிது நேரம் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திச்ரம் 3, கண்டம் 5 என்பன வரிசையில் உண்டு. சதுச்ரம் 4, மிச்ரம் 7, சங்கீர்ணம் 9 என்பன இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் விளங்கிய சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் தாளங்களை விரித்து எண்ணும்போது, துருதம், லகு, குரு, புலுதம் என்ற நான்கு அங்கங்களைக் கொண்டார். துருதத்தை ஒன்று என வைத்தால் மற்றவை 2, 4, 6. இக்கணக்கில் வரும் எண்வரிசை 1, 2, 3, 6, 10, 19, 33, 60 என்று செல்லும். அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618ஐ அடையாது, 1.79 அளவில் நிலைபெறும். முறை விரகாங்கர் முறையே, ஆனால் வந்த விகிதம் வேறு. இசைக்கு வேண்டியது எண்ணும் முறை. குறிப்பிட்ட ஓர் எண்ணை அது கட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலைநாட்டு இசையில் அங்கேரி நாட்டுப் பார்த்தோக்கின் இசைப்படைப்புகள் இவ்விகிதத்தில் பகுக்கப்பட்டவை என்று லெண்ட்வாய் என்னும் ஆய்வாளர் கூறினார். அதனை மறுப்பவரும் உளர்.

பண்டை நம்பிக்கைகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பித்தகோரசின் வழிவந்தோர் ஐம்முனை விண்மீன் வடிவைத் தம் அடையாளமாகக் கொண்டனர் என்பர். அவ்வடிவின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுமிடமெல்லாம் பொன்விகிதம் அமைந்துள்ளது. இது கணித உண்மை. பார்த்தினன் கோயிலைக் கட்டியோர் இவ்விகிதத்தைக் கருதினர் என்பதற்குச் சான்று இல்லை. அளவு நாடாவை எங்கிருந்து எங்கே பிடிப்பது என்பது அளப்பவர் கையில் இருக்கும்போது எந்த விகிதமும் கிட்டும்! கடற்சிப்பி நாட்டிலசின் சுருளும் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு மும்மடங்கு அளவில் விரிகிறதே தவிர, பொன்விகிதச் சுருளைப்போல் ஏழு மடங்கை நெருங்குவதில்லை. நம் சிற்பநூல்களோ உருவத்தைத் தாலம், அங்குலம் என்று முழு எண்களால் அளந்தன. நவதாலத்துக்கு 108 அங்குலம், உத்தம தசதாலத்துக்கு 124. இவற்றைப் பொன்விகிதம் என்று வலிந்து கூறுதல் சிற்பிக்கும் நியாயமன்று, எண்ணுக்கும் நியாயமன்று.

நம் பழைய நம்பிக்கை ஒன்று மட்டும் இக்கணக்கோடு மெய்யாகவே கைகோத்து நிற்கிறது. அது மேரு. பத்தாம் நூற்றாண்டில் பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை கண்ட அலாயுதர், லகு குருக்களின் சேர்க்கையை எண்ண ஓர் எண்மலையை அமைத்தார். உச்சியில் 1, அடுத்து 1, 1, அடுத்து 1, 2, 1, பின்னர் 1, 3, 3, 1, பின்னர் 1, 4, 6, 4, 1. தேவர்கள் உறையும் மலையின் பெயரால் அது மேரு பிரத்தாரம் எனப்பட்டது. அம்மலையின் சரிவில் சாய்வாகக் கூட்டிக்கொண்டு வந்தால் 1, 1, 2, 3, 5, 8 என்று விரகாங்கர் வரிசையே இறங்கி வருகிறது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் சுண்ணக் கட்டியால் ஒன்பது படி வரை எழுதினோம். சிறுவர்கள் சாய்வாகக் கூட்டிக் கூட்டி 34 வரை வந்து, அதற்குமேல் எழுதத் திண்ணையில் இடமின்றி நின்றார்கள்.

ஊர் திரும்பியதும் கைநூலை வெளியிட்டோர்க்கு ஒரு மடல் எழுதினோம். மூலத்தில் உள்ளதை மாற்ற மொழிபெயர்ப்பாளர்க்கு உரிமை இல்லை என்பதை அறிவோம். எனவே வாக்கியத்தில் கை வைக்காமல் அடிக்குறிப்பு ஒன்று மட்டும் சேர்க்க ஒப்புதல் வேண்டினோம்: ‘இவ்விகிதம் இலைகளின் அடுக்கில் பெரும்பாலும் காணப்படுகிறது, நரம்பில் இதனைப் பிடித்தால் சுரத்தானம் எதுவும் எழுவதில்லை.’ மறுமொழி இன்னும் வரவில்லை. பிடிலில் நாம் இட்ட பென்சில் கோட்டைத் தாம் அழிக்காமல் வைத்திருப்பதாகவும், தைவதம் பிடிக்கும்போதெல்லாம் அதற்கு எவ்வளவு தள்ளி விரல் விழுகிறது என்று பார்ப்பதாகவும் கோபிநத்தத்துப் பெரியவர் எழுதியிருக்கிறார்.